வேலிக்கு வெளியே பன்றி

பெட்டியின் மூடியில் இரண்டு வெள்ளைக்காரச் சிறுமிகள் மண்டியிட்டிருந்து படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவளின் கை சின்னவளின் தோளில் கிடந்தது. அந்தப் பெட்டியை அக்கா என் மடியில் வைத்த அன்றே அவர்கள் இருவரையும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. விளையாடி முடித்து ஒரே பாயில் படுப்பார்கள், விடிந்ததும் எழும்பி மறுபடி விளையாடுவார்கள். அக்காவும் நானும் பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டும்தான் சகோதரிகள்.

எங்கள் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா யாழ்ப்பாணத்தில் குத்தகைத் தோட்டத்தில் பாடுபட்டுச் சலித்துப்போய், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வன்னிக்கு வந்தவர். அறுபதுகளின் நடுப்பகுதி அது. வெட்டிய காட்டின் அடிக்கட்டைகள் வளவுக்குள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. அப்படி வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளுக்குள் படிக்கக்கூடியது என்று ஒன்றைத் தெரிந்தெடுத்து ஊரில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். காட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளையின் படிப்பைக் கெடுப்பதா என்று கேட்பார்கள். மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெட்டால் பாதகமில்லைப் போலும். எங்கள் வீட்டில் படிக்கக்கூடியது அக்கா. நான் மற்றது.

அக்காவை அம்மாவின் தமக்கையிடம் விட்டிருந்தார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பியவர். அவருடைய சிநேகிதர் யாரோ சீமைக்குப் போய் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த பெட்டிதான் இது. “எங்கடை பள்ளிக்கூடம் வளருமட்டும்தான் பிள்ளை அங்க இருக்கும்” என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்தாம் வகுப்பு வரைதான். வருடத்துக்கு ஒரு வகுப்பாக அது கூடும், ஒருநாள் அக்காவின் வகுப்பை எட்டிப் பிடிக்கும், அன்றைக்கு அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பள்ளிக்கூடம் ஏற ஏற அக்காவும் ஏறிக்கொண்டே போவாள் என்பது என் மூளையில் ஏறவில்லை. நான் மற்றது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆவணி விடுமுறைக்கு அக்கா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். கறுப்புத் துணி ஒட்டிய ஒரு மட்டைப் பலகை. அதன் மேல் வைக்க, பல நிறத்தில் வெட்டிய துணி உருவங்கள். அது ஃபெல்ட் என்கிற துணி என்று பிற்காலத்தில் அறிந்தேன். அப்போது அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டுத்துணி. பசையும் இல்லை, ஊசியும் இல்லை. மாட்டை எடுத்துப் பலகையில் வைத்து விரலால் ஒருதரம் தடவிவிட்டால் போதும், பலகையை நிமிர்த்தினாலும் மாடு நிற்கும். வேண்டாம் என்றால் உரித்து வேறிடத்தில் கட்டலாம். நான் ஊதிப் பார்த்தேன். பலகையைத் தலைகீழாகப் பிடித்து உலுப்பிப் பார்த்தேன். ஒரு தாரா வாத்து மட்டும் விழுந்தது.

அது ஒரு வெள்ளைக்காரக் கமக்காரனின் வீடு. சிவப்புக் கூரை போட்ட வீடு, அதைவிடப் பெரிதாக, வாசலில் வைக்கோல் தெரிகிற ஒரு கட்டடம். வைக்கோலுக்கு இவ்வளவு பெரிய வீடா கட்டுவார்கள், இது நெல்லுக் குத்துகிற மில்தான் என்று நாங்கள் முடிவுகட்டினோம். மாடு, கன்று, ஆடு, கோழி எல்லாம் தெரிந்தவை. குதிரையைக் கோயில் வாகனமாகத்தான் பார்த்திருந்தோம் என்பதால் அதற்கு வேலை ஒன்றும் கொடுக்காமல் மரியாதையாக ஓர் ஓரத்தில் நிறுத்தினோம். நீல நிறத்தில் தாரா நீந்துகிற சிறு குட்டை ஒன்று இருந்தது. அதுதான் எங்கள் குளம். எவ்வளவு மழை பெய்தாலும் அந்தக் குளம் அதே அளவில்தான் கிடந்தது.

மனிதர்களில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பையன், ஒரு பெட்டை. எங்கள் வீட்டுக்குப் பையன் தேவையில்லை, பெட்டைகள் இரண்டு வேண்டும். அம்மாவின் கிழிந்த சீலையில் ஒரு துண்டு வெட்டி அக்கா அந்தப் பையனுக்குப் பாவாடை கட்டினாள். சீலைத்துணி ஒட்டுத்துணியில் நிற்காமல் வழுகி வழுகி விழுந்தது. சோற்றால் ஒட்டிவிட்டோம்.

“ஆர் இந்தப் பெடியன்பெட்டை?” என்று கேட்டேன்.

“நான்தான். நல்ல பெட்டை நீ” என்றாள் அக்கா.

அப்படிப்பட்டவள் அவள். அதனால்தான் அவள் இல்லாத நாட்கள் எனக்கு நாட்களாகவே இருக்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு பன்றியும் இருந்தது. வெளிறிய ரோஸ் நிறம், வால் சுருண்டிருந்தது. அது எங்கே நிற்க வேண்டும் என்பதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. காட்டோரத்துக் கமக்காரன் பிள்ளைகளுக்குப் பன்றி என்றால் பயிரை அழிக்க வருவது. வேலி, வேலிக்கு வெளியே மரங்கள், மரங்களுக்கு அப்பால் பன்றி. அந்த ஆவணியில் அக்காதான் தன் கையால் அதைப் பலகையின் கடைசி மூலையில் கொண்டுபோய் வைத்தாள். எங்கள் ஆணின் கையில் ஈர்க்குத் துண்டொன்றைச் செருகிக் காவலுக்கு நிறுத்தினோம்.

விடுமுறை முடிந்து பிரியும்போது உருவங்களைப் பங்குபோட்டோம். அது அக்காவின் யோசனை. பாதி இங்கே, பாதி யாழ்ப்பாணத்தில். அடுத்த விடுமுறைக்குச் சேர்த்துவிடலாம் என்றாள். மாடு எனக்கு வந்தது, கன்று அவளோடு போயிற்று. ஐயா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறின பிறகு, நான் அந்த மாட்டைப் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அம்மாவுக்கு அது பார்க்க முடியாத படமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பலகையை நான் பக்குவமாக மண்சுவரோடு சாத்தி வைத்தேன். பக்குவம் என்றால் அப்படியொரு பக்குவம். மழை தொடங்கி ஒருநாள் எடுத்துப் பார்த்தால், கறையான் மட்டையைத் தின்று துணியையும் சல்லடையாக்கி விட்டிருந்தது. மார்கழியில் அக்கா வந்தபோது நான் படலைக்கே ஓடிப்போய் முதலில் இதைச் சொல்லி அழுதேன். அவள் ஏசவில்லை. வீட்டிலிருந்த துணியெல்லாம் எடுத்து ஒட்டிப் பார்த்தாள். சாக்கில் நிற்கவில்லை, சாரத்தில் நிற்கவில்லை, பாயில் நிற்கவில்லை. கடைசியில் ஒன்றில் நின்றது. வீட்டிலிருந்த ஒரே கம்பளிப் போர்வை. ஆனால் அதற்குள் அப்போது ஐயா இருந்தார்.

ஐயாவுக்குக் குலைப்பன் காய்ச்சல். மத்தியானம் திரும்பினதும் குளிர் தொடங்கும். விறாந்தையில் பாயைப் போட்டு அந்தச் சாம்பல்நிறக் கம்பளியால் கழுத்துவரை மூடிக்கொண்டு படுத்திருப்பார். அக்கா மெதுவாகப் போய் அவருடைய முழங்காலில் ஒரு மாட்டை வைத்தாள். மாடு நின்றது. அடுத்தது கன்று. பிறகு வீடு, மில், மரங்கள் என்று எல்லாமே ஐயாவின் மேல் ஏறிவிட்டன.

பலகையில் ஒருபோதும் அப்படி வந்ததில்லை. ஐயா முழங்காலை மடித்தபோது அது குளக்கட்டாக எழும்பியது. வயிற்றுப் பள்ளத்தில் நீலக் குட்டையை வைத்தோம், அவர் மூச்சு விட விட அதில் அலை அடித்தது. பெரியப்பாவின் பூச்சி தின்ற பழைய தொப்பியைப் பெரியம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டிருந்தார். அதுவும் ஒட்டுத்துணியேதான், மண்ணிறம். அதில் அக்கா யானை வெட்டினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக முதலாவது யானை தேங்காயாக வந்தது, இரண்டாவது யானையாகவே வந்தது. அதை ஐயாவின் நெஞ்சுக் காட்டில் விட்டோம். நடுக்கம் வந்தபோது ஊரே நடந்தது. மாடுகள் மேய்ந்தன, கோழிகள் கொத்தின, பெடியன்பெட்டையும் நானும் ஒன்றாகத் துள்ளினோம்.

“ஐயா, ஆடாதேங்கோ, வீடு விழப்போகுது” என்றேன்.

“நானோ ஆடுறன்? குலைப்பன் எல்லோ ஆட்டுது” என்றார் பற்கள் அடிபட. பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, “பண்டி எங்கை?” என்று கேட்டார்.

“காலடியில ஐயா. காட்டுக்கு அங்கால.”

“அது சரி. கிட்ட வந்தா உதைஞ்சு கலைச்சுவிடுறன்.”

கொத்தமல்லித் தண்ணீரோடு வந்த அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். குடியேற்றத்துக்கு வந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சிரிப்பு அடங்கினதும் அக்காவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். காய்ச்சல் விட்டு வேர்க்கத் தொடங்கியதும் ஐயா போர்வையை எறிவார், எங்கள் ஊர் குப்புற விழும். அடுத்த குளிர் எப்போது வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். தகப்பனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்த பிள்ளைகளை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை. என் வாழ்நாளில் திரும்பக் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று என்றால் அந்த மத்தியானங்களைத்தான் கேட்பேன்.

தை பிறக்கும் முன்னே அக்கா போய்விட்டாள். நெல் பால்பிடித்து முற்றும் காலம் அது. ஐயா காய்ச்சல் களைப்போடு வயற்காவலுக்குப் போனார், பொழுதுபடும்வரை நானும் கூடப் போய்த் தகரம் தட்டுவேன். காடு அருகில் இருந்த பக்கமெல்லாம் வேலி அடைத்திருந்தோம். அடைத்து என்ன? ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தபோது வேலி பிரிந்து கிடந்தது, வயலில் பாதி உழுதுவிட்டதுபோல் கிடந்தது. தின்றது கொஞ்சம், புரட்டியது மிச்சம். ஐயா வரம்பில் குந்தியிருந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேற்றுக்குள் இறங்கி, மிதிபட்ட கதிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டினார். பொறுக்கி என்ன வரப்போகிறது என்று ஐயா கேட்கவில்லை, நானும் இறங்கிப் பொறுக்கினேன். அந்த வருடம் பொங்கலுக்குப் பக்கத்து வீட்டார் புத்தரிசி தந்தார்கள்.

அக்கா இதைச் செய்தியாகத்தான் கேட்டாள். சித்திரையில் வந்ததும், “பண்டி வந்ததாமே, பாவம் ஐயா” என்றாள். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள். பிறகு நாங்கள் கம்பளியை விறாந்தையில் விரித்துப் பங்குகளைச் சேர்த்தோம். அவள் வீட்டை வைத்தாள், வேலியை வைத்தாள். வேலிக்குள்ளே, கோழிகளுக்குப் பக்கத்தில், பன்றியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னடி செய்யிறாய்? அது பண்டி” என்றேன்.

“தெரியும். சீமையில பண்டியை வீட்டில வளக்கிறவையாம். இது வீட்டுப் பண்டியெண்டு பெரியப்பா சொன்னவர். நாங்கள்தான் விளங்காமல் இவ்வளவு நாளும் வெளியில விட்டனாங்கள்.”

“வளக்கட்டும். இஞ்ச வைக்காதை.”

“இது படம்தானே.”

“படமெண்டாலும் வெளியில வை!”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், இன்றும் அப்படித்தான். பன்றியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். அக்கா போய் அதை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தாள். “உனக்கு ஒண்டும் தெரியாது” என்றாள். அவள் சொன்னது சரிதான். பெட்டியில் இருந்த பன்றி வீட்டுப் பன்றிதான். அந்த மில்லுங்கூட மில் இல்லை என்று பெரியப்பா சொல்லியிருப்பார். ஆனால் அவள் அந்த விடியற்காலை வரம்பில் நிற்கவில்லை. நின்றிருந்தால், வீட்டுப் பன்றியோ காட்டுப் பன்றியோ, ஐயாவின் வேலிக்குள் அதை வைக்க அவளுக்குக் கை வந்திராது. இதை அவளுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஆவணியில் அவள் வரவில்லை. பெரியம்மா தேர்த்திருவிழாவுக்குப் புதுச்சட்டை தைத்து அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். மத்தியான பஸ்ஸின் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் நான் படலையடியில் நின்றேன். வரமாட்டாள் என்று தெரிந்துதான் நின்றேன். பன்றியை உள்ளே விட்டிருக்கலாமோ, அதற்காகத்தான் வரவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

அந்த வருட முடிவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. அதோடு ஒரேயடியாக மூன்று வகுப்புகள் கூடி, அக்கா போகவேண்டிய எட்டாம் வகுப்பும் வந்தது. ஐயா சைக்கிளில் வந்து படலையில் காலூன்றி நின்றபடியே சொன்னார்: “தையோட பிள்ளையை இஞ்ச சேர்ப்பம்.” நான் குதித்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே புகையில் கண்ணைத் துடைத்தார்.

மார்கழியில் அக்கா தனியே வரவில்லை. பெரியம்மாவும் கூட வந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தோம். பெரியம்மாவும் அம்மாவும் பாயில் வெற்றிலைத் தட்டோடு, ஐயா கப்புத்தூணில் சாய்ந்தபடி, அக்காவும் நானும் கம்பளியை விரித்துக்கொண்டு. எங்களுக்குள் சண்டை மறந்துபோயிருந்தது. பெரியம்மா பாக்கை வெட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

“எட்டாம் வகுப்பு வந்திட்டுதெண்டு சொல்லுறியள். ஓம், நல்லதுதான். ஆனால் அதுக்குப் பிறகு? பிள்ளை எங்களோட நல்லாப் பழகிட்டுது. எங்களுக்கும் ஆர் இருக்கினம்? அவளை எனக்கே விட்டிடுங்கோவன். என்ரை பிள்ளையா வளக்கிறன்.”

அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். கிள்ளினதையே திரும்பக் கிள்ளினார். ஐயா முற்றத்துப் பக்கம் திரும்பினார். பிறகு, “அவளைக் கேப்பம். அவள் சொல்லட்டும்” என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. கையில் இருந்த மரத்தைக் கம்பளியில் வைத்து அழுத்தினாள். பிறகு எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

“தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போவம் பெரியம்மா” என்றாள். “அவளும் வந்தா எனக்கு அங்க இருக்க விருப்பம்.”

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. “அதுக்கென்ன, வரட்டும். எனக்கு ரெண்டும் பிள்ளையள்தான். என்ன பிள்ளை, வாறியோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. நான் எத்தனை நாள் கும்பிட்டுக் கேட்ட வரம் அது! அக்காவோடு ஒரே பாயில் படுத்து, விடிந்ததும் எழும்பி மறுபடி விளையாடலாம். பங்குபோட வேண்டாம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்கா இப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் கண் என்னைக் கெஞ்சியது.

“நான் வரமாட்டன்” என்றேன்.

“ஏன் பிள்ளை?”

“தைக்குப் பண்டி வரும். ஐயாவோட நிண்டு தகரம் தட்ட ஆளில்லை.”

பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். “பண்டி கலைக்கிறதுக்கோ பொம்பிளைப்பிள்ளை!” என்றார். ஐயா சிரிக்கவில்லை. அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். அக்கா, “அப்ப சரி, நான் பெரியம்மாவோட போறன்” என்றாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் அந்தப் படத்தை முடிக்கவுமில்லை.

அவர்கள் இருவரும் மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். போகும்போது அக்கா பங்குபோடவில்லை. முழுப் பெட்டியையும் என் பாயில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மாடும் கன்றும் ஒன்றாகக் கிடந்தன. அதைக் கண்டுதான் அவள் இனி வீட்டோடு வரமாட்டாள் என்று எனக்கு விளங்கியது. தகரத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், பன்றி இல்லாத பகலில், கை நோகுமட்டும் தட்டினேன். இத்தனை வருடம் கடந்தும் அந்த ‘வரமாட்டன்’ என்ற சொல் சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. அவளுக்காக ஏங்கியதுபோல் நான் வேறு யாருக்காகவும் ஏங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

சித்திரை விடுமுறைக்கு அவள் வந்தாள். கணுக்கால் மூடிய புதுப் பாவாடை, கையில் பனங்கட்டிக் குட்டான்கள் நிறைந்த ஒரு பை. படலை திறந்த சத்தத்துக்கு அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். ஓடிவந்தவர் முற்றத்தில் சற்றுத் தயங்கி நின்றார். பிறகு உள்ளே திரும்பிப்போய் எங்கள் வீட்டின் ஒரே நாற்காலியான மரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாத்தியாரோ விதானையாரோ வந்தால் மட்டும் வெளியே வருகிற கதிரை அது. நாங்கள் யாரும் அதில் இருந்ததில்லை. விறாந்தையில் வைத்து, சீலைத் தலைப்பால் துடைத்து, “இரு பிள்ளை” என்றார்.

நான் பாயில் ஓரமாக ஒதுங்கி இடம் விட்டு அக்காவைப் பார்த்தேன். அவள் பையை அம்மாவிடம் கொடுத்தாள். பாவாடை கசங்காமல் ஒதுக்கிக்கொண்டு, கதிரையில் இருந்தாள்.